படகு ஏன் இடப்பக்கம் திரும்பியது?

— அது கெடக்கட்டும் வாணி, பேச்ச மாத்தாத. ஆறு மணிக்கு கோயில்ல கூட்டம். அதுக்குள்ள அந்தப் படகு வீடியோவ எனக்கு ஒருவாட்டி போட்டுக் காட்டு. ஊருக்கு தண்ணி முறை பாக்கற ஆளு நானு. ஊரே பாத்தத நான் மட்டும் பாக்காம போயி உக்காந்தா நல்லாவா இருக்கும்?

— காட்ட மாட்டேன்னா சொல்றேன்? போனு பூரா இட்லி மாவுங்க. தொடைக்க துணி தேடறேன். என் கிழிஞ்ச செவப்பு சுங்குடிச் சேலை கொல்லைக் கொடியில கெடந்துச்சே, அதையும் காணும்.

— முந்தானையில தொட. எத அமுக்கணும், இதுவா?

— ஐயய்ய, அதத் தொடாதீங்க, அது லைவு. போன மாசம் அது தெரியாமத்தான் நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டே உங்க தங்கச்சியப் பத்தி பேசினது மூணு தெருவுக்கும் போச்சு.

— அவ இன்னும் என்கிட்ட மொகம் குடுத்துப் பேசல.

— அவங்க மாமியா மட்டும் கைதட்டற பொம்ம போட்டிருந்தாங்க. அந்த ஒரு ஆதரவுலதான் அன்னிக்கு சோறு எறங்குச்சு.

— போன்ல உன் பாடப் பேஜ கண்ணால பாக்க மாட்டேன்னு இருந்தவன் நான். ஊருக்காக பாக்கறேன்னு வச்சுக்க.

— இன்னும் அந்தக் கொறட்டைய நீங்க மறக்கலையா?

— எப்படி மறப்பேன்? டீக்கடையில போயி உக்காந்தா, அதிர்வெண் எவ்வளவு மாமான்னு கேக்கறான்.

— ஒலி அலைகள் பாடங்க. எங்க போயி சத்தம் தேடறதுன்னு பாத்தேன், பக்கத்துலயே படுத்திருந்தீங்க. நானா கேட்டேன் இந்தப் பேஜ? ஹமீதா பானு மேடம் ஹெட்மிஸ்ட்ரஸா வந்ததும் மன்னார்குடிக்கு ட்ரெயினிங் அனுப்பிச்சாங்க. புள்ளைங்க எங்க இருக்காங்களோ அங்க நாம போகணுமாம், அவங்க போனுக்குள்ள இருக்காங்களாம், அதனால நாமளும் உள்ள போயிடணுமாம். எல்லா டீச்சரும் தலைய ஆட்டிட்டு டீ குடிச்சுட்டு வந்துட்டாங்க. கூறு கெட்டவ நான் ஒருத்திதான் நெசமாவே உள்ள போனேன். ஸ்டேண்டு வாங்க சோம்பல்பட்டு குத்துவிளக்குல ரப்பர் பேண்டு போட்டு போனக் கட்டி ஒளிச்சேர்க்கை நடத்தினேன். மூணு நிமிசம் பேசியிருக்கேன், பூரா என் மூக்குதான் தெரியுது. இப்ப ஒம்போதாவது புள்ளைங்களுக்கு நான் குத்துவிளக்கு டீச்சர்.

— அதுக்கு முன்னாடி என்ன பேரு?

— சொல்ல மாட்டேன். குத்துவிளக்கு எவ்வளவோ தேவல.

— அதுலதான் பாடம் படிக்குதுங்களா புள்ளைங்க?

— நெசமா சொல்லட்டா, படிக்குதுங்க. வகுப்புல வாயே தொறக்காத புள்ளைங்க கமெண்ட்ல கேக்குதுங்க. அதனால நான் ஒரு சட்டமே போட்டேன். சந்தேகம் எதுவா இருந்தாலும் நேர்ல வந்து என் உசுர வாங்காதீங்க, கமெண்ட்ல எழுதுங்க, ஒன்னு விடாம பதில் போடுவேன்னு.

— போடறியா?

— போடாம? ராத்திரி சோறு வடிச்ச கையோட உக்காந்து, வரிசையா எல்லாத்துக்கும் அமுக்கிட்டுத்தான் எந்திரிப்பேன். இந்தாங்க, ஓடுது, பாருங்க.

— எங்க படகு? வெறும் வாழமட்டையில்ல போவுது.

— அதாங்க படகு. தூரத்த நேரத்தால வகுத்தா வேகம். இத போர்டுல எழுதினா கொட்டாவி விடறாங்க. செவ்வாக்கிழமை வாய்க்கால்ல விட்டு, கரையோட கூட நடந்து வீடியோ எடுங்கடான்னேன். பள்ளிக்கூடத்துப் பாலத்துல விட்டு, வாய்க்கால் முடியற கடைமடை மதகு வரைக்கும் போகணும். ஊர்க்கோலம் மாதிரி போனாங்க. எடுக்கறது பரிதி. கை ஆடாது அவளுக்கு.

— செல்லதுரை மவளா?

— அவதான்.

— இந்தா, நிறுத்து. வேப்பமரம் வந்துடுச்சு. பாத்தியா, அங்க திரும்புது பாரு. நேரா போற மட்ட தானா இடப்பக்கம் திரும்புமா? செல்லதுரை வாமடை அது. தொறந்து கெடக்கு.

— வாமடை, வாமடைன்னு ரெண்டு நாளா ஊரே பேசுது. வாய்க்கால் கரைய வெட்டி வயலுக்கு தண்ணி விடற வாய்க்கு இப்படி ஒரு பேரு இருக்குன்னு எனக்கு இப்பத்தாங்க தெரியும். கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த ஊர் நெல்லத்தான் திங்கறேன்.

— உங்க தரங்கம்பாடியில கடலுக்கு வாமடை கெடையாதுல்ல, அதான்.

— பேசுங்க பேசுங்க. வயப்பக்கம் வந்தா கால்ல சேறு படும்னு என்னைய வரவிடாம வச்சதே நீங்கதான்.

— நீ வராம இருந்ததே நல்லதுன்னு இப்ப தோணுது. கேட்டுக்க. செவ்வாக்கிழமை கடைமடைக்காரங்களுக்கு முறை. அன்னிக்கு மேல இருக்கற வாமடை பூரா அடைச்சிருக்கணும். சின்ன வாய்க்கா, மொழங்காலளவு தண்ணிதான். நடுவுல ஒருத்தன் தொறந்து வச்சான்னா கடைசி வரைக்கும் ஈரங்கூட போகாது. அதனாலதான் திங்கக்கிழமை சாயங்காலமே நானே நடந்து போயி ஒன்னொன்னா அடைச்சுட்டு வந்தேன். அவனுதயும் சேத்துத்தான். மறுநா பாத்தா இந்த வீடியோ.

— கடைசில புள்ள பேசுது கேட்டீங்களா? திரும்பப் போடறேன், கேளுங்க. 'டீச்சர், படகு எங்க வயலுக்குள்ள போயிடுச்சு'ன்னு சிரிக்குது. திருட்டுத் தண்ணின்னு தெரிஞ்ச வீட்டுப் புள்ள இப்படியாங்க சிரிக்கும்?

— புள்ளைக்கு தெரியாம அப்பன் பண்ணியிருப்பான்.

— சரி, அவரு பண்ணினாருன்னே வச்சுக்குவோம். யாருக்கும் தெரியாம போயிருக்கும்ல? தம்பட்டம் அடிச்சது யாரு? நானு. வீடியோவ போட்டதோட விட்டனா? மேலயே ஒரு கேள்வி. 'படகு ஏன் இடப்பக்கம் திரும்பியது? யோசித்து பதில் எழுதுங்கள். சரியான விடைக்கு ஒரு பேனா பரிசு.' தண்ணி பள்ளத்தப் பாத்து ஓடும், அழுத்த வேறுபாடு, இப்படி ஏதாச்சும் புள்ளைங்க எழுதும்னு காபிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு புள்ள எழுதல. அப்பனுங்கதான் எழுதினாங்க. அதுவும் என்னா எழுத்து. அழுத்தமாத்தான் இருந்துச்சு.

— கடைமடைக்கார ஜெக்கரியா என்னமோ எழுதினான்னு சொன்னாங்களே.

— அவருதான் மொதல்ல ஆரம்பிச்சாரு. இருக்கறது கத்தார்ல, ஆனா இங்க கரையில நிக்கற நமக்கு தெரியாதது அவருக்கு அங்கேருந்து தெரியுது. இருங்க, படிக்கறேன். 'அது செல்லதுரை வாமடை. இன்று கடைமடை முறை. எங்கள் நாத்தங்கால் காய்ந்து எறும்பு ஊர்கிறது என்று தம்பி போன் செய்து அழுகிறான். பேனாவை முறை பார்க்கும் கோவிந்தராசு அண்ணனிடம் கொடுங்கள் டீச்சர், அவருக்குத்தான் தேவைப்படும்.'

— நல்லாத்தான் குத்தியிருக்கான். என் பேரு ஊர் பூரா நாறிடுச்சு. முறை பாக்கறவன் பொண்டாட்டி வீடியோவுலயே முறை கெட்டுக் கெடக்கு. அதனாலதான் சொல்றேன், இதுக்கு இன்னிக்கே ஒரு முடிவு பண்ணணும்.

— என்ன முடிவு?

— வழக்கமா என்ன பண்ணுவமோ அதான். அடைச்சத புடுங்கினவனுக்கு அடுத்த முறை கெடையாது. சனிக்கிழமை அவனுக்கு வர வேண்டிய தண்ணி கடைமடைக்குப் போகும்.

— அவங்க நாத்தும் இப்பத்தான மொளைச்சிருக்கு?

— காயும். காயட்டும். புதுசா நெலம் வாங்கினவன். இந்த முறையெல்லாம் அவனுக்கு வெளையாட்டா தெரியுது.

— என்னங்க பேசறீங்க? அந்த மனுசன் நெலம் வாங்கி நாலு வருசம்தான் ஆவுது, சரி. அதுக்கு முன்னாடி இந்த ஊர் வாமடைய பூரா கூலி ஆளா நின்னு அடைச்சதும் தொறந்ததும் யாரு? அவரும் அவங்க அப்பாவும்தான? முறை தெரியாதாம் அவருக்கு. எனக்கு தெரியாதுன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்.

— சரி சரி, டீச்சரம்மா, பாடம் எடுக்காத. அது கெடக்கட்டும். நீ எதுக்கு இவ்வளவு பரியற?

— அந்தப் புள்ள ரெண்டு நாளா பள்ளிக்கூடம் வரலைங்க.

— ஒடம்புக்கு ஏதாச்சும் இருக்கும்.

— ஒடம்புக்கு ஒன்னுமில்ல. புதன்கிழமை காலையில பெஞ்சுல உக்காந்ததும் பின்னாடியிருந்து ஒருத்தன் தண்ணித் திருடின்னிருக்கான். பையத் தூக்கிட்டு நேரா வெளிய போனவதான். இன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டு மணியில நானே போனேன் அவங்க வீட்டுக்கு. எனக்கு நாக்காலி போட்டு, மோர் குடுத்து, ஏதோ பரிசு குடுக்க வந்தவ மாதிரி உக்கார வச்சாங்க. வாடி நாளைக்குன்னு கெஞ்சினேன். கூட்டத்துல அப்பா பேர சொல்லிட்டாங்கன்னா இனிமே வரவே மாட்டேன் டீச்சர், பாட்டி வீட்டுக்கு குடவாசல் போயிடறேன்னுச்சு. என் வகுப்புல மொத மார்க்குங்க அது. அத ஊர விட்டுத் தொரத்தறது யாரு, என் பாடம்.

— அதுக்குத்தான் சொல்றேன், வீடியோவ அழிச்சிடு. முடிஞ்சுது.

— அதத்தான் நானும் சொன்னேன், அழிச்சிடறேன்டி செல்லம்னு. அதுக்கு அந்தப் புள்ள ஒன்னு சொன்னா. வீடியோ இருக்கட்டும் டீச்சர், அத எல்லாரும் பாத்தாச்சு, உங்க பேஜையே அழிச்சிடுங்கன்னா. ஏண்டி, பேஜு என்ன பண்ணுச்சுன்னேன். மோர் டம்ளர எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. எனக்கு மனசு விட்டுப் போச்சுங்க. நான் பாடம் நடத்தறது அவ்வளவு கேவலமா இருக்கா?

— குத்துவிளக்கு, கொறட்டை, என் தங்கச்சி. யோசிச்சுத்தான் சொல்லியிருக்கா புள்ள.

— கேலி பண்ணாதீங்க. பேஜையே அழிச்சா எல்லாம் போயிடும். நான் போட்டதுலயே உருப்படியா ஒன்னே ஒன்னு இருக்கு, அதுவும் போயிடும்.

— அது என்னா, எனக்கு தெரியாம உருப்படியா ஒன்னு?

— வாய்க்கால் சுத்தம் பண்ணின போட்டோங்க. செவ்வாக்கிழமை காலையில நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி போனேன். படகு எங்கயும் சிக்கக் கூடாதேன்னு பாலத்துலேருந்து நடந்து, கையில கெடச்ச பாட்டிலு, பாலித்தீன், மட்ட, கந்தல் எல்லாத்தையும் வாரி கரையில குவிச்சுட்டு, அப்புறம் பரிதிக்கு போன் போட்டு வரவச்சு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன். மேல 'நீர்நிலை காப்போம்'னு போட்டு, 'வீட்டுக் குப்பையை எல்லாம் கரையில் சொருகி வைப்பவர்களுக்கு வெட்கமில்லையா'ன்னு சூடா ரெண்டு வரி. என் வாழ்நாள்ல அத்தன லைக்கு நான் வாங்கினதில்ல. ஹமீதா பானு மேடம் ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் காட்டினாங்க. கமெண்ட்டே அம்பது அறுபது. பாராட்டு தாங்காம ராத்திரி எல்லாருக்கும் ஒரே பதில வரிசையா போட்டுட்டு கை வலியோட படுத்தேன்.

— அதுவரைக்கும் நல்ல காரியம்தான். பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி நீ வாய்க்கா வெளக்கியிருக்க.

— பாருங்க, நீங்களே நல்லதுங்கறீங்க. அவளே எடுத்த போட்டோ. அதையும் சேத்து அழிங்கறா. செல்லதுரைக்கிட்ட நீங்க நேர்ல கேட்டீங்களா இல்லையா, அதச் சொல்லுங்க மொதல்ல.

— கேட்காம விடுவனா? நேத்தே வயக்கரையில புடிச்சு கேட்டேன். ஏண்டா, நான் அடைச்சத நீ எப்படிடா புடுங்கலாம்னு. புடுங்கலண்ணேன்னான். பின்ன யாருடா புடுங்கினதுன்னேன். வாயத் தொறக்கல. கடைசில என்ன சொன்னான்னு நெனக்கற?

— என்ன சொன்னாரு?

— டீச்சர கேளுங்கண்ணே, அவங்க என்ன சொல்றாங்களோ அதுக்கு நான் கட்டுப்படறேங்கறான். எவ்வளவு விவரம் பாரு. நீ அவன் மவளுக்கு பரிஞ்சு பேசுவேன்னு அவனுக்கு தெரியும். அதான் வீட்டுக்குள்ள கொளுத்திப் போட்டுட்டு போறான்.

— பாவங்க. என் மேல அவ்வளவு நம்பிக்கை வச்சிருக்காரு.

— நம்பிக்கையாவது. நீ என்னத்த சொல்லப்போற? வாமடைன்னா என்னன்னே முந்தாநாளுதான் தெரிஞ்சவ.

— சரி, நான் ஒன்னு கேக்கறேன், கோவப்படாம சொல்லுங்க. தண்ணி வேகத்துல தானா ஒடைஞ்சிருக்கலாம்ல? நண்டு, எலி ஏதாச்சும் நோண்டியிருக்கலாம்ல? அப்படி ஒரு வழி இருந்தா கூட்டத்துல அதச் சொல்லுங்க. அந்தப் புள்ளையாச்சும் பொழச்சுக்கும்.

— மத்தத சொல்லு, ஒத்துக்கறேன். வேப்பமரத்து வாமடைய மட்டும் சொல்லாத. அது தானா போகவே போகாது.

— எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?

— அந்த வாய் கொஞ்சம் பெருசு. வெறும் சேறு நிக்காதுன்னு தெரிஞ்சுதான் வீட்டுலேருந்தே பொருள் எடுத்துட்டுப் போனேன். வைக்கோல திரட்டி கட்டா கட்டி, அது கரையாம இருக்க உன் கிழிஞ்ச சுங்குடிய மேல இறுக்கச் சுத்தி, வாயில வச்சு கடப்பாரையால இடிச்சு, அதுக்கு மேல சேத்த அப்பி மிதிச்சுட்டு வந்தேன். யானையக் கட்டி இழுத்தாலும் வராது. மனுசன் வேணும்னே கரையில குந்தி, கால ஊனி, பல்லக் கடிச்சு இழுத்தாத்தான் வரும்.

— எந்த சுங்குடி?

— அதான், நீ தேடினியே, கொல்லைக் கொடியில கெடந்தது.

— செவப்பு.

— செவப்புதான். கிழிஞ்சதுதான, அதுக்கு இப்ப ஒரு சண்டை போடப்போறியா? ஏன் அப்படி பாக்கற? உக்காரு. தண்ணி வேணுமா?

— வேப்பமரத்துக்கிட்ட கரையில சேறு பூசின மூட்டை மாதிரி ஒன்னு துருத்திக்கிட்டு இருந்துச்சுங்க.

— ஆமா.

— ஓரத்துல செவப்பா துணி தெரிஞ்சுச்சு. எந்தப் புண்ணியவதியோ பழஞ்சேலைய மூட்டை கட்டி சொருகியிருக்கான்னு நெனச்சேன். படகு அதுல முட்டுமேன்னு இழுத்தேன். வரல. விட்டனா? செருப்பக் கழட்டிட்டு, நீங்க இப்ப சொன்னீங்களே, அதே மாதிரி குந்தி, கால ஊனி. வந்ததும் பின்னாடி சாஞ்சு விழுந்தேன். பாட்டிலையும் பாலித்தீனையும் அதுக்கு மேலதான் குவிச்சேன். குவியல் பெருசா தெரியணும்ல, போட்டோவுக்கு.

— வாணி.

— வெட்கமில்லையான்னு வேற கேட்டிருக்கேன். ஊரக் கூட்டி, என் சேலைய, உங்கள.

— அவன் அப்ப தெரிஞ்சேதான் வாய மூடிக்கிட்டு நின்னானா? செல்லதுரை?

— போனக் குடுங்க இப்படி.

— கூட்டத்துல நான் என்னத்தன்னு சொல்வேன்? ஆறு மணி ஆகப்போவுது.

— நீங்க ஒன்னும் சொல்ல வேணாம். சட்டைய மாட்டிக்கிட்டு என் பின்னாடி வாங்க, போதும். அந்த போட்டோவ நானே எல்லார்க்கிட்டயும் காட்டறேன். சனிக்கிழமை தண்ணி அவங்க வயலுக்குப் போகட்டும். வெட்டணும்னா நம்ம முறைய வெட்டி கடைமடைக்கு விடுங்க. போற வழியில செல்லதுரை வீட்டுல ஏறி பரிதியையும் கையப் புடிச்சு கூட்டிக்கிட்டுப் போவோம். இருங்க. இத நான் எப்படிப் பாக்காம விட்டேன்?

— என்னா அது?

— போட்டோவுக்கு கீழ, பாராட்டுக்கு நடுவுல. பரிதி எழுதியிருக்கா. செவ்வாக்கிழமை ராத்திரியே எழுதியிருக்கா. நான் போட்ட சட்டப்படி, கமெண்ட்ல. 'டீச்சர், ஒரு சந்தேகம். நீங்க எடுத்தது குப்பை இல்ல. எங்க வாமடை அடைப்புன்னு அப்பா சொல்றாங்க. இப்ப நாங்க என்ன செய்யணும் டீச்சர்?'

— செவ்வாக்கிழமையேவா? நீதான் ஒன்னு விடாம பதில் போடறவளாச்சே. அதுக்கு என்ன போட்டிருக்க?

— ஒரு ஹார்ட்டு. பக்கத்துல, 'நன்றி செல்லம், உங்கள் ஆதரவு என்றும் தொடரட்டும்.'